படம் திக்குகிறது: பிளேயரை மாற்றுவதா, கோப்பை மாற்றுவதா, கணினியையே மாற்றுவதா?

வசனம் முடிந்துவிடும், நடிகரின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருக்கும். கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், படம் நின்று நின்று தாவும். ஒலி மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். ஒலியை விரிப்பது பழைய கணினிக்கும் சுலபமான வேலைதான். அதனால் பிளேயர் ஒலியின் நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, நேரத்துக்கு வந்து சேராத பிரேம்களை வழியிலேயே விட்டுவிடுகிறது. நாம் பார்க்கும் திக்கல் அதுதான்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வேறு பிளேயர் போடு, கோடெக் பேக் (வீடியோவைச் சுருக்கி அவிழ்க்கும் முறைகளான கோடெக்குகளின் தொகுப்பு) போடு, ரேமைக் கூட்டு, லினக்ஸுக்கு மாறு. என்னிடம் 2012 வாக்கில் வந்த ஒரு மடிக்கணினி இருக்கிறது. இவை எல்லாவற்றையும் அதன் மேல் செய்து பார்த்தாயிற்று. பாதி வீண் வேலை. ஏன் வீண் என்பது ஒரே படத்தின் இரண்டு கோப்புகளை அடுத்தடுத்து ஓடவிட்டபோதுதான் புரிந்தது.

இரண்டுமே 1080பி. ஒன்று எச்.264 என்ற கோடெக்கில் சுருக்கியது, பெரிய கோப்பு. இன்னொன்று எச்.265, அதாவது எச்இவிசி, முதலாவதில் பாதிகூட இல்லை. சின்னக் கோப்புதானே, லேசாக ஓடும் என்று நினைத்தேன். பெரியது வழுக்கிக்கொண்டு ஓடியது. சின்னதைத் திறந்ததும் மின்விசிறி அலற ஆரம்பித்தது, டாஸ்க் மேனேஜரில் சிபியு கோடு உச்சியைத் தொட்டு அங்கேயே நின்றது. எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறார்களோ, அவிழ்க்கவும் அவ்வளவு பாடு.

1080பி பிரேம் ஒன்றில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 24 பிரேம் என்றால் ஒவ்வொன்றையும் 42 மில்லிசெகண்டுக்குள் அவிழ்த்துத் திரையில் போட வேண்டும். 60 பிரேம் என்றால் 17 மில்லிசெகண்டுகூடக் கிடையாது. இந்த வேலையைச் சிபியு செய்யலாம், அல்லது கிராபிக்ஸ் சிப்பில் இதற்கென்றே இருக்கும் தனிச் சுற்று செய்யலாம். அந்தச் சுற்றுக்குத் தான் பிறந்த காலத்துக் கோடெக்குகள்தான் தெரியும். எச்.264 வந்தது 2003இல். எச்இவிசியும் விபி9உம் 2013இல். ஏவி1 2018இல். 2012இல் வந்த சிப் எச்இவிசியை எங்கே கற்றிருக்கும்?

அதனால் எதையும் மாற்றும் முன் ஓடுகிற வீடியோ எந்தக் கோடெக் என்று பாருங்கள். விஎல்சி பிளேயரில் கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் சொல்லிவிடும். அதே சாளரத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில், தொலைந்த பிரேம்களின் எண்ணிக்கை ஏறுவதையும் பார்க்கலாம். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் திக்க ஆரம்பித்தால் மட்டும் கோடெக்கை விட்டுவிட்டு, மின்விசிறியில் அடைந்த தூசியைச் சந்தேகியுங்கள். சூடேறியதும் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பிளேயரா, டிரைவரா?

பிளேயரை மாற்றுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. விஎல்சி, எம்பிசி-எச்சி, எம்பிவி மூன்றுமே சிபியுவில் டிகோட் செய்யும்போது, அதாவது அவிழ்க்கும்போது, எஃப்எஃப்எம்பெக் குடும்பத்து நூலகத்தைத்தான் (ஆயத்த நிரல் தொகுப்பைத்தான்) நம்பியிருக்கின்றன. என்ஜின் ஒன்று, மேலே போர்த்திய சட்டைதான் வேறு வேறு. கிராபிக்ஸ் சிப்பை வேலைக்கு இழுக்கிறதா இல்லையா என்பதில்தான் பெரிய வித்தியாசம் தெரியும். விஎல்சி அதைத் தானாகவே முயன்று பார்க்கும். எம்பிவியில் அது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். கன்ட்ரோல்-எச் அழுத்தினால் விழித்துக்கொள்ளும். "எம்பிவி போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது" என்பவர்களில் பலர் இந்த ஒரு சாவியைத் தொடாதவர்கள். சரியாக அமைத்துவிட்டால் பழைய இயந்திரத்தில் என் ஓட்டு எம்பிவிக்குத்தான். சிறிய ஐ எழுத்தை அழுத்தினால் டிகோட் வேலையை யார் செய்கிறார்கள், எத்தனை பிரேம் விழுந்தது என்று படத்தின் மேலேயே எழுதிக் காட்டும்.

ஆனால் எந்தப் பிளேயரானாலும் கீழே சரியான டிரைவர், அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள், இருக்க வேண்டும். விண்டோஸைப் புதிதாகப் போட்ட கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்ப்ளே அடாப்டர் இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், சிப்பில் இருக்கும் தனிச் சுற்றுக்கு வேலையே போகவில்லை என்று அர்த்தம். உரிய டிரைவரைப் போட்டாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிளேயரா டிரைவரா என்று கேட்டால், டிரைவர்தான் முதலில். கோடெக் பேக் வேண்டவே வேண்டாம். இந்தப் பிளேயர்களுக்கு உள்ளேயே எல்லாம் இருக்கிறது.

எச்.264தான், டிரைவரும் சரி, ஆனாலும் திக்குகிறதா? அது நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10-பிட் எச்.264 ஆக இருக்கலாம். அனிமே கோப்புகளில் இது சகஜம். மேசைக் கணினியின் கிராபிக்ஸ் சிப்புகள் பெரும்பாலும் அதைக் கையில் எடுக்காது, பாரம் முழுக்கச் சிபியு தலையில் விழும்.

சிபியுவை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால் விஎல்சி அமைப்புகளில் ஒரு குறுக்குவழி உண்டு. படம் கட்டம் கட்டமாகத் தெரியாமல் மழுப்பும் லூப் ஃபில்டரைத் தாண்டிப் போகச் சொல்வது. வேலை கணிசமாகக் குறையும். அதற்கு விலையும் உண்டு. 'ஆல்' என்று வைத்தால் ஒரு பிரேமில் விழுந்த அழுக்கை அடுத்த பிரேம் அப்படியே வாங்கிக்கொள்ளும். அடுத்த முழுப் பிரேம் வரும்வரை முகங்களில் அழுக்குச் சேர்ந்துகொண்டே போகும். 'நான்-ரெஃப்' (வேறு பிரேம்கள் நம்பியிராத பிரேம்களில் மட்டும்) என்று வைத்தால் லாபம் குறைவு, ஆனால் அழுக்குச் சேராது. நான் இரண்டாவதோடு நிறுத்திக்கொள்வேன்.

உலாவியில் பார்ப்பவர்களுக்கு

யூடியூபில் கதை வேறு. அங்கே கோடெக்கைத் தளம்தான் தேர்ந்தெடுக்கிறது, பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1. வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் தெரியும்: ஏவிசி1 என்றால் எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1.

இங்கே இரண்டு வழி. ஒன்று, எச்264ஐஃபை மாதிரி ஒரு நீட்சியைப் போட்டு எச்.264ஐத்தான் தர வேண்டும் என்று தளத்தைக் கட்டாயப்படுத்துவது. ஏவி1ஐயும் தடுக்க 'என்ஹான்ஸ்டு' பதிப்பைப் போடுங்கள். என் மடிக்கணினியில் இதைவிடப் பெரிய மாற்றத்தை வேறெதுவும் தரவில்லை. டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், 1080பிக்கு மேல் எச்.264 கிடைக்காது. பழைய கணினிக்கு அதற்கு மேல் எதற்கு?

இன்னொன்று, தரத்தை 720பிக்கு இறக்குவது. கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கும். பழைய மடிக்கணினிகள் பலவற்றின் திரையே 1366×768தான். அதில் 1080பி ஓட்டினால் 20.7 லட்சம் புள்ளிகளை வியர்த்து வடித்து அவிழ்த்து, ஏறக்குறைய பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் திரையில் காட்ட முடியும். 720பி என்றால் 9.2 லட்சம்தான். கண்ணுக்கு ஏறக்குறைய அதே படம், சிபியுவுக்குப் பாதிக்கும் குறைவான வேலை.

கோப்பை மாற்றுவதா, பாகத்தை மாற்றுவதா?

கையில் இருக்கும் எச்இவிசி கோப்பை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றி மென்பொருளில் போட்டு எச்.264 ஆக மாற்றிவிடலாம். 'ஃபாஸ்ட் 720பி30' என்ற முன்னமைப்பே அதில் இருக்கிறது. 'ஃபாஸ்ட் டிகோட்' என்ற பெட்டியையும் டிக் செய்தால் அவிழ்ப்பதற்கு இன்னும் லேசாகும், கோப்பு மட்டும் சற்றுப் பருக்கும். பழைய கணினியில் இது மணிக்கணக்கில் இழுக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டு அழிக்கும் படத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம், பாட வீடியோ என்றால் தாராளமாகச் செய்யலாம்.

காசு செலவழிப்பது என்றால், ரேமும் எஸ்எஸ்டியும் இதற்கு மருந்து இல்லை. நொடிக்கு 20 மெகாபிட் ஓடும் நல்ல எச்டி கோப்புக்கூட நொடிக்கு இரண்டரை மெகாபைட்தான் கேட்கிறது, பழைய ஹார்டு டிஸ்க்கே அதைச் சிரமமில்லாமல் தரும். லினக்ஸுக்கு மாறினால் கணினி சுறுசுறுப்பாகும், சரிதான். ஆனால் சிப்புக்குத் தெரியாத கோடெக்கை எந்த இயங்குதளமும் கற்றுத்தராது.

மேசைக் கணினி என்றால் கிராபிக்ஸ் அட்டை நிஜமாகவே தீர்வு. 2017இல் வந்த ஜிடி 1030 மாதிரி சின்ன அட்டை போதும், எச்இவிசியும் விபி9உம் அதற்குத் தெரியும், தனி மின்கம்பிகூட வேண்டாம். ஏவி1உம் வேண்டும் என்றால் 2020க்குப் பிந்தைய அட்டைகளைப் பாருங்கள், ஆனால் புதியது என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400க்கு ஏவி1 டிகோட் கிடையாது. அதற்கு முன்பே வந்த அதன் அண்ணன்களுக்கு உண்டு!

மடிக்கணினியில் இந்த வழி அடைப்பு. ஒரு காலத்தில் நெட்புக்குகளின் உள்ளே மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் சொருகியில் மாட்ட, பிராட்காம் 'கிரிஸ்டல் எச்டி' என்று எச்.264ஐ அவிழ்க்கும் ஒரு குட்டி அட்டை விற்றது. அதற்கு எச்இவிசி வாரிசு என்று எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. அதனால் என் மடிக்கணினியில் எச்264ஐஃபை நிரந்தரமாகக் குடியிருக்கிறது. எச்இவிசி கோப்புகளைத் தூங்கப் போகும்போது ஹேண்ட்பிரேக் வரிசையில் போட்டுவிடுகிறேன். நேற்று இரவு போட்ட மூன்றில் இரண்டு முடிந்திருக்கிறது, மூன்றாவது 64 சதவீதத்தில் நிற்கிறது.