நூறு டன் அட்லஸும் அதற்காகக் காத்திராத பதினொரு பேரும்

கணினியின் கிராபிக்ஸ் கார்டில் காற்றாடி நின்றுபோனதால் மூன்று வாரம் விளையாட முடியாமல் இருந்தேன். போன சனிக்கிழமை அது பழுது நீங்கி வீட்டுக்கு வந்தது. அன்று காலை முதல் ஆட்டத்தை ஆடி முடித்த எரிச்சல் அடங்குவதற்குள், என்னோடு பணிபுரியும் இளைஞர் ஒருவர் தொலைபேசியில், "அண்ணா, இன்னும் அந்த ரோபோ விளையாட்டைத்தான் ஆடுகிறீர்களா? இலவசம்தானே, நானும் இறக்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். 2016 முதல் மெக்வாரியர் ஆன்லைன் ஆடிவரும் எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. எனக்கு இந்த விளையாட்டின்மேல் இருக்கும் பற்றும் பெரியது, அதை ஆடுகிறவர்களின் ஒரே ஒரு பழக்கத்தின்மேல் இருக்கும் கோபமும் பெரியது.

பன்னிரண்டு பேர் ஓர் அணி, எதிரே பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஓர் இயந்திரம், ஓர் உயிர், பதினைந்து நிமிடம் என்பது இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. மற்ற துப்பாக்கி விளையாட்டுகளிலிருந்து இது எங்கே பிரிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். இங்கே நாம் ஆளாக ஓடுவதில்லை. இரண்டு கால்களில் நடக்கும் கனரகப் போர் இயந்திரம் ஒன்றை உள்ளிருந்து ஓட்டுகிறோம். கால்கள் ஒரு திசையில் நடக்கும்போது இடுப்புக்கு மேலுள்ள உடல் வேறு திசையில் திரும்பும். இந்த இரண்டையும் தனித்தனியாக ஆளக் கற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அது கைவந்த பிறகு எதிரியின் குண்டை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்று நாமே முடிவு செய்யலாம். பீரங்கிக் குண்டு பாயும் நொடியில் உடலைத் திருப்பி, நெஞ்சுக்கு வரவேண்டிய அடியை இடக்கையில் வாங்கி, அந்தக் கை அறுந்து விழுந்த பின்னும் நின்று சுடுவதில் இருக்கும் நிறைவை வேறெந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது வெப்பக் கணக்கு. ஒவ்வொரு லேசரும் ஒவ்வொரு குண்டும் இயந்திரத்தைச் சூடாக்கும். அளவு மீறினால் இயந்திரம் தானாக அணைந்து, எதிரியின் முன்னால் சில நொடி கையாலாகாமல் நிற்கும். அணையவிடாமல் தடுக்கும் விசையை அழுத்தினால் உள்ளுறுப்புகளே வெந்து சேதமாகும். ஒரே வகை ஆயுதங்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒன்றாகச் சுட்டால் கூடுதல் தண்டனையும் உண்டு. 2013இல் வந்த அந்த விதியை ஆட்டக்காரர்கள் கோஸ்ட் ஹீட் என்பார்கள். எரிமலைக் குழம்பு ஓடும் டெரா தெர்மா களத்தில் ஒரு முறை, எதிரில் நின்ற கேட்டபல்ட் இயந்திரத்தின் நெஞ்சுக் கவசம் முழுதும் போயிருந்தது; இன்னும் ஒரு முறை சுட்டால் அது விழும், என் வெப்பமானியோ தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டி நின்றது. சுடாமல் பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, ஆறு நொடி எண்ணி, வெளியே வந்து சுட்டு வீழ்த்தினேன். அதே ஆட்டத்தைப் பனிமூடிய ஃப்ரோசன் சிட்டி களத்தில் ஆடியிருந்தால் அந்த ஆறு நொடி தேவைப்பட்டிருக்காது. சுடத் தெரிவதைவிட எப்போது சுடாமலிருப்பது என்று தெரிவதே இங்கே திறமை.

இனி கோபத்துக்கு வருகிறேன். நான் ஓட்டுவது அட்லஸ்: மண்டையோட்டு முகம் கொண்ட நூறு டன் இயந்திரம். அதன் ஏஎஸ்7-டி வகையில் முந்நூறு அளவு எஞ்சினோடு வேகம் மணிக்கு 48.6 கிலோமீட்டர்தான். ஒரு கிலோமீட்டரைக் கடக்க எனக்கு 74 நொடி ஆகும். லோகஸ்ட் என்னும் இருபது டன் இயந்திரம் நல்ல எஞ்சினோடு அதே தொலைவை 24 நொடிக்குள் முடித்துவிடும். என் வலப்பக்க நெஞ்சில் இருக்கும் ஏசி/20 பீரங்கி 270 மீட்டருக்குள்தான் முழு வலிமையோடு அடிக்கும். ஆகவே அட்லஸ் என்பது எதிரியின் அருகில் போய் நிற்கவேண்டிய, ஆனால் விரைந்து போக முடியாத ஒரு சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் மற்றவர்கள் நின்றால்தான் அதற்குப் பயன் உண்டு. நடப்பது என்ன? ஆட்டம் தொடங்கிய கணமே அணி முழுவதும் களத்தின் மையத்தைச் சுற்றி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறது. அமெரிக்க வட்டப்பாதைக் கார் பந்தயத்தின் பெயரையே வைத்து ஆட்டக்காரர்கள் இதை நாஸ்கார் என்கிறார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஹன்ச்பேக், அட்லஸ் போன்ற பல இயந்திரங்களுக்கு முக்கியமான ஆயுதம் வலத்தோளிலோ வலப்பக்க நெஞ்சிலோ இருக்கிறது. மறைப்பை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போனால் வலத்தோளை மட்டும் வெளியே நீட்டிச் சுடலாம். எனவே மையத்தை இடப்பக்கம் வைத்தபடி சுற்றுவதே எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. எதிரணியும் அதே திசையில் சுற்றுவதால் இரு அணிகளும் ஒன்றன் வாலை ஒன்று துரத்துகின்றன. அந்த வாலில் இருப்பவன் நான்.

சனிக்கிழமை எச்பிஜி மேனிஃபோல்ட் களம் வந்தது. நடுவில் பெரிய தகவல்தொடர்பு நிலையம், அதைச் சுற்றி ஓட வசதியான வெளி. சுற்றுவதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். குரல்வழியில் "அட்லஸ் மெதுவாகத்தான் வரும், தயவுசெய்து காத்திருங்கள்" என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை சொன்னேன். பதில் வரவில்லை. ஒரு நிமிடத்தில் வரைபடத்தில் என் அணியின் நீல முக்கோணங்கள் எல்லாம் நிலையத்தின் மறுபக்கம் போய்விட்டன. இரண்டாவது நிமிடம் ஒரு ஜென்னரும் வேறு இரண்டு சிறிய இயந்திரங்களும் பின்னாலிருந்து வந்தன. பொதுவாக நாங்கள் கவசத்தின் பெரும்பங்கை முன்பக்கத்துக்கே ஒதுக்குவோம், முதுகு மெல்லியது. ஒன்றை நோக்கித் திரும்புவதற்குள் மற்ற இரண்டும் முதுகைச் சுட்டன. சுவரில் முதுகை ஒட்டி நின்றேன், ஜென்னரின் ஒரு காலை உடைத்தேன், நான்காவது நிமிடம் முடிவதற்குள் விழுந்தேன். மிச்ச நேரம் முழுவதும் பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் அணிதான் வென்றது. எனக்கு வந்த சி-பில்கள், அதாவது விளையாட்டுக்குள் புழங்கும் பணம், சொற்பம்.

அந்த வெற்றிதான் என்னை நியாயமாக யோசிக்க வைக்கிறது. போன ஆண்டு ஒரு மாதம் அட்லஸை நிறுத்திவைத்துவிட்டு லோகஸ்டை ஓட்டிப் பார்த்தேன். எல்லோரும் சுற்றும்போது தனியாக நிற்பவன் செத்துப்போகிறான் என்பதை அப்போது கண்டேன். நானும் சுற்றினேன், நானும் பின்தங்கிய ஓர் அட்லஸைத் திரும்பிப் பார்க்காமல் கடந்தேன். யாரும் தீய எண்ணத்தோடு இதைத் தொடங்குவதில்லை. முதலில் ஓடும் மூன்று பேரைக் காக்க அடுத்த ஐந்து பேர் ஓடுகிறார்கள், தனித்துவிடக்கூடாது என்று மீதிப் பேரும் ஓடுகிறார்கள். இவ்வளவும் புரிந்த பிறகும், தங்கள் அணியின் மிகப்பெரிய கவசத்தையும் மிகக் கனமான பீரங்கியையும் எதிரிக்குப் பலியிட்டுவிட்டுப் போகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. முப்பது நொடி நின்றால் போதும். முதல் ஒரு நிமிடத்தில் நான்கு பேர் கொண்ட ஒரு லான்ஸ் மட்டும் என்னோடு நடந்துவந்த ஆட்டங்களும் உண்டு. அவற்றில் எதிரணியின் ஓட்டம் எங்கள் சுவரில் மோதி நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இலவசம் என்பதைப் பற்றிச் சுருக்கமாக: ஆடிச் சம்பாதிக்கும் சி-பில்களைக் கொண்டே அட்லஸை வாங்கினேன், விலை ஏறத்தாழ ஒரு கோடி சி-பில். முதல் 25 ஆட்டங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் தொகையைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் அது எட்டாத விலையல்ல. அதுவரை விளையாட்டே தரும் இரவல் இயந்திரங்களை ஓட்டலாம். பணம் கொடுத்தவரிடம் தோற்றேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வண்ணப்பூச்சுக்கும் இயந்திரங்களை வைக்கும் கூடுதல் நிறுத்துமிடங்களுக்கும் நானே விரும்பிக் கொஞ்சம் செலவு செய்திருக்கிறேன்.

தொலைவும் ஒரு சங்கடமே. மதுரையிலிருந்து வட அமெரிக்க சர்வருக்கு எனக்கு பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் தாமதம், 260 மில்லிநொடிக்குக் கீழே வந்ததில்லை. ஆனால் நாம் சுட்ட நொடியில் எதிரி எங்கே இருந்தான் என்று சர்வர் பின்னோக்கிக் கணக்கிடுவதால் எதிரியைப் பார்த்த இடத்திலேயே லேசரைச் சுடலாம். கோடைக்காலத்தில் நமக்குக் காலை ஆறு மணி என்றால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் முந்தைய நாள் இரவு எட்டரை. அதனால் அலுவலகம் கிளம்புமுன் ஆடினால் அணி உடனே சேர்ந்துவிடுகிறது.

அந்த இளைஞரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். மேலே எழுதிய புகழ்ச்சி அத்தனையும் உண்மை, இருந்தும் அப்படித்தான் சொன்னேன். இவ்வளவு அழகாகக் கட்டிய ஒரு கனத்தை யாரும் மதிக்காத இடத்துக்கு, எனக்குப் பிடித்த ஒருவரை இந்த வாரம் அழைக்க மனம் வரவில்லை. அவர் கேட்காமல் நேற்றிரவே இறக்கிவிட்டார். சரி, நாளைக் காலை ஆறு மணிக்கு இருவரும் குழுவாகச் சேர்ந்து நுழையப்போகிறோம். அவருக்கு ஐம்பது டன் ஹன்ச்பேக்கைப் பரிந்துரைத்திருக்கிறேன். அதன் வேகம் மணிக்கு 64.8 கிலோமீட்டர், என் இடப்பக்கமாக, விசையைச் சற்றுக் குறைத்து நடந்துவரும்படி கேட்டிருக்கிறேன்.