மோல்மீன் மழையும் என் 94 கரோலாவின் ஹைட்ராலிக் கிளட்சும்: ஆறு வருட அனுபவம்

என் வண்டி 1994 மாடல் டொயோட்டா கரோலா, ஐந்து கியர் மேனுவல். 2013இல் மூன்றாவது கையாக வாங்கினேன். பர்மாவில் இருப்பவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். 2011க்கு முன்னால் இங்கே ஒரு பழைய காரின் விலைக்கு வீடே வாங்கலாம். இறக்குமதி விதிகள் தளர்ந்து விலை இறங்கிய பிறகுதான் எங்களைப் போன்ற குடும்பங்கள் கார் வாங்குவதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தன. அதனால் இந்த வண்டி எனக்கு வெறும் வண்டி அல்ல. அப்பா உயிரோடு இருந்தபோது அவரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போன வண்டி. இதை விற்றுவிட்டு வேறு வாங்கு என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை.

கோளாறு 2018 ஆடி மாதத்தில் வந்தது. தாட்டோனில் உறவுக்காரர் வீட்டில் பூஜை முடித்துவிட்டு, தென் பர்மாவில் எங்கள் ஊரான மோல்மீனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. 2005இல் திறந்த தான்ல்வின் ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டியை நிறுத்தி முதல் கியர் போடப் பார்த்தேன், விழவில்லை. அழுத்தினால் கரகரவென்று சத்தம். கிளட்ச் பெடல் பஞ்சை மிதித்ததுபோல் பாதி தூரம் வெறுமனே போனது. பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும். வயிற்றில் புளியைக் கரைத்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், "பெடலை நாலு தடவை வேகமா மிதிச்சுப் பாருங்க மாமா" என்றான். மிதித்தேன். ஐந்தாவது மிதியில் பெடல் கொஞ்சம் கெட்டியானது, கியர் விழுந்தது. அடுத்த நிறுத்தத்தில் அதுவும் பலிக்கவில்லை. அப்போது இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டுவிட்டு, சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்ப, இன்ஜினும் பற்றிக்கொண்டது. இது ஸ்டார்ட்டருக்கு நல்லதல்ல, முன்னால் இடம் இல்லாவிட்டால் ஆபத்தும்கூட. ஆனால் நடு வழியில் நின்றவனுக்கு வீடு சேர அது ஒரு வழி. கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று சுவிட்ச் வைத்த பிற்கால வண்டிகளில் இது நடக்காது.

மறுநாள் போன ஒர்க்‌ஷாப்பில், பானெட்டைக்கூடத் திறக்காமல், "கிளட்ச் பிளேட் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன தொகையைக் கேட்டு நான் இரண்டு நாள் தூங்கவில்லை. இந்த அனுபவத்தை எழுதுவதற்கே அந்த ஒரு வார்த்தைதான் காரணம். கிளட்ச் என்றால் பிளேட் என்று முடிவு கட்டாதீர்கள். பிளேட் (இன்ஜினோடு உரசிப் பிடித்து இழுவையைக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் தட்டு) போவது வேறு நோய், ஹைட்ராலிக் (பெடலின் மிதியைப் பிரேக் ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கடத்தும் பாகம்) போவது வேறு நோய். இரண்டின் அறிகுறிகளும் நேர் எதிர்.

பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் இன்ஜின் உறுமும், வண்டி அந்த அளவுக்கு ஓடாது. மேட்டில் ஏறும்போது இது நன்றாகத் தெரியும், கருகிய வாசனையும் வரும். கியர் போடுவதில் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. ஹைட்ராலிக் போனால் கிளட்ச் முழுசாக விடாது. ஓடும்போது இழுவையில் ஒரு குறையும் தெரியாது, நின்ற இடத்தில் கியர் விழாது. ரிவர்ஸ் போட்டால் பல் உரசும், ஏனென்றால் பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் (பற்கள் உரசாமல் சேர வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. இன்ஜினை அணைத்துப் பாருங்கள். அணைத்த நிலையில் எல்லாக் கியரும் வெண்ணெயில் கத்தி போல இறங்கி, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் பிரேக் ஆயில் போகும் வழியைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த வழி சின்னது. பெடலை மிதித்தால் ஒரு புஷ் ராடு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஆயில் பைப் வழியாக, கடைசியில் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகக் கீழ் சிலிண்டருக்குப் போகிறது. கீழ் சிலிண்டரின் ராடு, கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளுகிறது. கரோலாவில் கீழ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருப்பதால் கழற்றுவது சுலபம். சில வண்டிகளில் அது கியர்பாக்ஸுக்குள்ளேயே பேரிங்கோடு சேர்ந்திருக்கும், அவர்களுக்கு இறக்காமல் வழியில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாற்பது வருடம், லைனில் ஆள் ஏற்றி ஓடும் ஹைலக்ஸ் பிக்கப்களுக்கு வேலை பார்த்தவர். பர்மாக்காரர்கள் அவரை 'சயா' (ஆசான்) என்பார்கள், எங்களுக்கு மாமா. அவர் வந்து முதலில் செய்தது, டாஷ்போர்டுக்குக் கீழே படுத்து, பெடலின் புஷ் ராடு மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் விரலை விட்டுத் தடவியதுதான். விரல் காய்ந்தே வந்தது. "மேல ஒழுகல தம்பி. கீழ போவோம்" என்றார். கீழ் சிலிண்டரின் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையை ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்ல விலக்கினார். காபி டிகாஷன் நிறத்தில் ஆயில் சொட்டியது. உள்ளே ஒரு கப் ரப்பர், அதன் உதடு ஒரு பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஆயில் அந்தப் பக்கமாக வெளியே வருகிறது, காற்று உள்ளே போகிறது.

அப்புறம் ஒரு அளவு எடுத்தோம். இதை எல்லோரும் செய்ய வேண்டும். மச்சானை பெடலை மிதிக்கச் சொல்லி, கீழ் சிலிண்டரின் ராடு எவ்வளவு வெளியே வருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். ஒரே மிதியில் 6 மில்லிமீட்டர். ஐந்து தடவை பம்ப் செய்த பிறகு 11. ஃபோர்க் முழுசாக நகராததால்தான் கிளட்ச் விடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே சமயம் ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தார் மாமா. மிதிக்கும்போது ஹோஸ் உப்பினால், சிலிண்டருக்குப் போக வேண்டிய தள்ளு அங்கேயே தொலைந்துபோகும். என்னுடையது உப்பவில்லை.

இனி நான் செய்த தப்பு. மாமா, "ரெண்டு சிலிண்டரும் ஒரே வயசு, சேர்த்து மாத்திடு" என்றார். நான் கீழ் சிலிண்டருக்கு ரிப்பேர் கிட் மட்டும் வாங்கினேன், செலவு குறைவு என்று. கிட் போட்டபோதே உள்சுவரில் கறுப்புப் புள்ளிகளாகத் துரு அரித்திருந்தது நகத்துக்குத் தட்டுப்பட்டது. அப்படி அரித்த சுவரில் புது ரப்பர் ஓடினால் அது எத்தனை நாள் தாங்கும்? ஆறாவது வாரத்தில் ரப்பர் உறைக்குள் மறுபடி ஈரம். அதோடு புதிதாக ஒன்று சேர்ந்தது: சந்திப்பில் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், வண்டி தானாக முன்னால் நகரப் பார்க்கும். மாஸ்டருக்கு ஆயில் தரும் குடுவையில் ஆயில் குறைந்ததைக் கீழே இருந்த ஈரமே விளக்கிவிடும், இந்த இறங்குதலை விளக்காது. மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் ஆயிலைப் பிடிக்காமல் பின்பக்கமாகவே விட்டுவிடுகிறது என்று அதற்குப் பொருள். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. தேடிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத கோளாறு இது, காலால் மட்டும்தான் உணர முடியும்.

இந்த முறை இரண்டையும் புதிதாகவே வாங்கினேன். ரங்கூனிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தேன். பழைய சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் உடலில் வார்த்திருக்கும் உள்விட்டத்தின் அளவைப் படமெடுத்து அனுப்பித்தான் வாங்கினேன். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் விட்டம் மாறி வந்துவிடும். மாஸ்டர் சின்னதாகிவிட்டால் பெடல் லேசாக இருக்கும், ஆனால் கீழ் ராடு போதிய தூரம் நகராது.

மாஸ்டரை மாற்றும்போது பைப்பின் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போடாதீர்கள். இருபத்தைந்து வருடம் மழையில் நனைந்த நட்டு, முனை மழுங்கினால் பைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். பைப் நட்டுக்கென்று வாய் திறந்த, ஐந்து பக்கமும் பிடிக்கும் ஸ்பேனர் இருக்கிறது. பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், விட்டால் பெயிண்ட் உரிந்து வரும்.

காற்று எடுக்கும் வேலைதான் பொறுமையைச் சோதித்தது. கீழ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில், உள்ளே ஓடுவது தெரியும் ஒரு ட்யூபைச் செருகி, அதன் மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைத்தோம். மச்சான் மிதிப்பான், மாமா நிப்பிளைத் திறப்பார், குமிழி வரும், மூடுவார், அதற்குப் பிறகுதான் மச்சான் காலை எடுக்க வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நடுவில் குடுவை காலியாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு மணி நேரம் ஆகியும் பெடல் முழுசாகக் கெட்டியாகவில்லை. அப்போது மாமா கீழ் சிலிண்டரைக் கழற்றி, ராடைக் கையால் மெதுவாக உள்ளே தள்ளினார். மேலே குடுவையில் பெரிய குமிழிகள் இரண்டு மூன்று பொங்கி வந்தன. மேல் வளைவில் மாட்டிக்கொண்டிருந்த காற்று அது. கழற்றிய நிலையில் பெடலை மட்டும் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். திரும்ப மாட்டி மிதித்தபோது முதல் மிதியிலேயே 12 மில்லிமீட்டர். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

கடைசியாக பெடலின் ஆட்டத்தை, அதாவது தள்ளு தொடங்கும் முன் அது வெறுமனே போகும் தூரத்தை (ஃப்ரீ பிளே), சரி செய்தோம். என் வண்டிக்கு பெடல் ஃப்ரீ பிளே 5 முதல் 15 மில்லிமீட்டர், அதில் புஷ் ராடின் ஆட்டம் மட்டும் 1 முதல் 5. பெடல் உயரமாகப் பிடிக்க வேண்டும் என்று ஆட்டமே இல்லாமல் ராடை நீட்டி வைத்துவிடுகிறார்கள் சிலர். அப்படிச் செய்தால் மாஸ்டருக்குள் ஆயில் குடுவைக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். சூடேறி விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லாமல் அது கிளட்சை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட் வழுக்கித் தேயும். ஹைட்ராலிக் கோளாறைச் சரி செய்யப் போய் பிளேட்டைக் கெடுத்துக்கொள்ளும் வழி அது.

ஆறு வருடம் ஆகிவிட்டது. பிளேட் இன்னும் பழையதுதான். அன்று கியர்பாக்ஸை இறக்கியிருந்தால் நல்ல பிளேட்டைத் தூக்கி எறிந்திருப்பேன், கோளாறு அப்படியே இருந்திருக்கும்.

நான் மாற்றிக்கொண்ட ஒரே பழக்கம், பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுசாக மாற்றுவது. மோல்மீனில் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளவை. ஈரம் ஏறினால் டாட் 3இன் கொதிநிலை 205 டிகிரியிலிருந்து 140 வரை இறங்கலாம் என்பது பிரேக்குக்குப் பெரிய விஷயம். கிளட்சுக்கு அதைவிடப் பெரிய பகை துரு. அந்தக் கறுப்புப் புள்ளிகள் எல்லாம் ஈரம் போட்டவை. அதனால் பழைய ஆயிலை வெயில் காலத்திலேயே மாற்றிவிடுகிறேன், மழை தொடங்கிய பிறகு குடுவையின் மூடியைத் திறப்பதில்லை. பாதி காலியான டப்பாவை எடுத்து வைத்து அடுத்த வருடம் ஊற்றுவதும் இல்லை. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும், இரண்டு சிலிண்டரும் ஹோஸும் போய்விடும்.

போன சித்திரையில் மூன்றாவது தடவையாக ஆயில் மாற்றினேன். வெளியே வந்தது நல்லெண்ணெய் நிறம், கறுப்பு இல்லை. ராடின் அளவு 12 மில்லிமீட்டரே. ரப்பர் ஹோஸில் மட்டும் மேல்தோலில் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன. இன்னும் உப்பவில்லை, ஆனாலும் புது ஹோஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மாமாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, இந்த முறை ஸ்பேனர் என் கையில், அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார்.