ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: நான்கு ஆண்டுகளும் ஒரு சென்சாரும்

சென்ற மாதம், காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீர் காய்ச்சும் எங்கள் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரைப் பழுதுபார்க்க வந்தவர், பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தொட்டியின் உடலில் இருந்த சிறிய குழியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் காட்டினார். கம்பியின் நுனியில் பென்சில் முனை அளவுக்கு ஒரு செம்புக் குமிழ். அதைச் சுற்றிப் பூசியிருந்த வெள்ளைப் பசை சுண்ணாம்புபோல் காய்ந்து உதிர்ந்தது. 270 லிட்டர் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அறிய அந்த இயந்திரத்துக்கு இருக்கும் ஒரே புலன் அதுதான். அது இரண்டு விரற்கடை வெளியே நழுவி, எந்நேரமும் 47 டிகிரி என்று சொல்லிக்கொண்டிருக்க, கம்ப்ரஸர் அதை நம்பி, நாங்கள் வைத்திருந்த 60ஐ எட்டுவதற்காக ஓடி ஓடி, கடைசியில் உயரழுத்தப் பாதுகாப்பு குறுக்கிட்டு நின்றுபோயிருந்தது.

அதே வாரம் நண்பர் ஒருவர், "அண்ணா, நீங்க வச்சிருக்கிறதையே வாங்கலாமா?" என்று கேட்டார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2027 மார்ச் 1 முதல், ஆயுள் முடிந்த கேஸ் வாட்டர் ஹீட்டருக்குப் பதிலாக மின்சாரத்தில் இயங்குவதைத்தான் பொருத்த வேண்டும் என்று விதி வருவதால், மெல்பேர்னில் இப்போது பலருக்கும் இருக்கும் கேள்விதான் இது. கொள்ளளவு, வாட், உத்தரவாதம் எல்லாவற்றையும் அவரே படித்துவிட்டார். விற்பனைத் தாளில் இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றிலிருக்கும் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்கு மாற்றும் வேலையில் இந்த இயந்திரத்தைக் குறை சொல்ல இடமில்லை. ஜூலை மாதத்தின் ஆறேழு டிகிரிக் காலைகளிலும், இந்தப் பழுது வரும்வரை, எங்களை ஒருநாளும் பச்சைத்தண்ணீரில் குளிக்க விட்டதில்லை. ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவாகவே இழுப்பதால், வெயில் நாளில் கூரையிலுள்ள சோலாரே அதைத் தாங்கிவிடுகிறது. உபரி மின்சாரத்தை விற்கலாமே என்றால், 2019-20இல் யூனிட்டுக்கு 12 சென்ட்டாக இருந்த விக்டோரியாவின் குறைந்தபட்சக் கொள்முதல் விலை 2024-25இல் 3.3 சென்ட்டுக்கு இறங்கிவிட்டது. அந்தக் காசுக்கு விற்பதைவிட வெந்நீராக்கித் தொட்டியில் வைத்துக்கொள்வதே மேல். (ஒரே சேதம், அது குளிர்காற்றை ஊதித்தள்ளும் திசையில் நான் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடி. மூன்று ஆண்டுகள் பொத்திப் பொத்தி வளர்த்தது, ஒரே குளிர்காலத்தில் மொட்டையாகிவிட்டது. அது என் தவறு, இயந்திரத்தின் தவறல்ல.)

என் கோபமெல்லாம் அதன் மூளையின் மீதுதான். தொட்டிக்குள் சூடான நீர் மேலே நிற்கும். குழாயைத் திறந்தால் குளிர்ந்த நீர் அடியில் வந்து சேரும். எங்கள் தொட்டியின் சென்சாரோ கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. ஆகவே, மாலையில் இரண்டு பேர் குளித்து முடித்ததும், இன்னும் மூன்று பேருக்குப் போதுமான வெந்நீர் மேலே இருக்கும்போதே, தொட்டி முழுவதும் ஆறிவிட்டதாக அது முடிவு செய்து, மின்சார விலை உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சென்சார்களை வைத்து, மிச்சமிருக்கும் வெந்நீர் எத்தனை பேருக்குக் காணும் என்று கணக்கிட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பகல் 10 மணி முதல் 3 மணி வரை மட்டும் ஓடும்படி டைமர் போட்டுத்தான் சமாளித்துவருகிறோம்.

அடுத்தது, அந்த ஒற்றை எண். 60 என்று வைத்தால் வருடம் முழுவதும் 60தான். வெதுவெதுப்பான நீரில், நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும் என்பதால் தொட்டி நீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹீட் பம்ப்புக்கு ஏற ஏற மூச்சு வாங்கும். 15 டிகிரியிலிருந்து 40 வரை துள்ளிக்கொண்டு ஏற்றுவது, 50ஐத் தாண்டியதும் முக்கி முனகும்; மிதமான வானிலையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் வெப்பம் தந்துகொண்டிருந்தது, அங்கே இரண்டு சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். 270 லிட்டரையும் அந்தக் கடைசிப் பத்து டிகிரி ஏற்றுவதற்குச் சுமார் 3.1 யூனிட் வெப்பம் வேண்டும். நல்ல வெயிலடிக்கும் நாளில் 65 வரை ஏற்றிச் சேர்த்துவை, மழைமூட்டமான நாளில் 50ஓடு நிறுத்திக்கொள் என்றெல்லாம் சொல்ல இதில் வழியே கிடையாது. நாளைய வானிலையும் சோலாரின் உற்பத்திக் கணக்கும் கைபேசியில் வந்து விழும் காலத்தில், எங்கள் வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும் வானம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அதன் கடிகாரம். 2024 பிப்ரவரி 13 அன்று வீசிய புயலில் விக்டோரியாவில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருண்டன. அனாக்கி என்ற ஊரருகே மின்கோபுரங்களே சாய்ந்தன. எங்களுக்கு மறுநாள் மாலை ஏழு மணிக்கு மின்சாரம் திரும்பியது. அந்த நொடியை இயந்திரம் நள்ளிரவு 12 என்று எடுத்துக்கொண்டது. ஆகவே அதன் கணக்கில் பகல் 10 மணி என்பது எங்களுக்கு விடியற்காலை 5 மணி. ஓர் எச்சரிக்கையும் காட்டாமல், சூரியனுக்கு முன்னால் எழுந்து, விலை கொடுத்து வாங்கும் மின்சாரத்தில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து, சோலார் செயலியின் வரைபடத்தில் விடியலுக்கு முன்னே செங்கல் அடுக்கினாற்போல் நின்ற கட்டத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். வாராந்திரக் கிருமிநீக்கச் சுற்றும் மின்சாரம் வந்த நேரத்திலிருந்தே ஏழு நாட்களை எண்ணத் தொடங்கியிருந்தபடியால், வீட்டில் எல்லா அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும் மாலை ஏழு மணிக்கு, உள்ளே இருக்கும், மின்சாரத்தால் நேரடியாகச் சூடாக்கும் எலிமென்ட்டையும் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது. கைக்கடிகாரத்தில் போடும் பட்டன் பேட்டரி ஒன்று இருந்திருந்தால் போதும். சேவை மையத்தில் முறையிட்டபோது, மின்தடைக்குப் பிறகு நேரத்தைத் திருத்துவது பயனரின் பொறுப்பு என்று கையேட்டின் பக்க எண்ணைச் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தேன், எழுதித்தான் இருக்கிறது.

நான்கு ஆண்டுகளில் நான் செய்த பழுதுச் செலவு சென்சாருக்கும் ஆள்கூலிக்கும் மட்டும்தான். பழைய கேஸ் கட்டணத்தில் பாதிகூட இப்போது வெந்நீருக்கு ஆவதில்லை. விலையும் நான் வாங்கியபோது இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. கணக்குப் போட்டால் வாங்கலாம் என்றுதான் வரும். ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு சென்சார்களும், சோலார் இன்வெர்ட்டரிலிருந்து உபரி மின்சாரச் சைகையை வாங்கும் இணைப்பும், மின்தடையில் நேரத்தை மறக்காத கடிகாரமும் உள்ள மாடலாக, நானூறு ஐந்நூறு டாலர் கூடப் போனாலும், பார்க்கச் சொன்னேன்.

"அப்ப நீங்களும் மாத்தப் போறீங்களா அண்ணா?" என்று கேட்டார்.

மாற்றப்போவதில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை இரவு அரை மணி நேரம் மின்சாரம் போய் வந்தது; டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் நேரத்தைத் திருத்திவிட்டு வந்து படுத்தேன்.