மழைமானிக்கு லேசர் டெக்ஸ்சரிங்: கோவை மார்க்கிங் கடையில் கொடுத்துச் செய்த ஜாப் ஒர்க் எப்படி?

நாங்கள் தோட்டங்களுக்கு மழைமானி செய்து கொடுக்கிறோம். கவிழும் பக்கெட் வகை. புனல் வழியாக வரும் தண்ணீர் ஒரு சின்னப் பக்கெட்டில் நிறையும், நிறைந்ததும் அது கவிழும், அடுத்த பக்கெட் மேலே வரும். ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. மழை என்று கணக்கு. 200 மி.மீ. விட்டமுள்ள புனலுக்கு அது சுமார் 6.3 மில்லி தண்ணீர். கவிழ்ந்த பிறகும் அலுமினியத்தில் 0.3 மில்லி ஒட்டிக்கொண்டு நின்றால் கிட்டத்தட்ட 5 சதவீதம் போச்சு. எப்போதும் ஒரே அளவு நின்றால் அளவீட்டைச் சரிசெய்யும்போது அதைக் கழித்துவிடலாம். ஆனால் அடைமழையில் அது அப்படியே அடுத்த கணக்கில் சேரும், தூறலில் இடையிலேயே காய்ந்துவிடும். மானாவாரி விவசாயிக்குத் தூறலின் கணக்கும் முக்கியம்.

தண்ணீர் ஒட்டாத ஸ்ப்ரே பூச்சுகளைப் போட்டுப் பார்த்தோம். முதலில் அருமையாக இருக்கும், வெயிலிலும் தூசியிலும் கிடந்ததும் பொரிந்துவிடும். அதனால்தான் பூச்சே இல்லாமல் உலோகத்திலேயே லேசரால் மேடு பள்ளம் போடும் வழிக்குப் போனோம். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சுன்லெய் குவோ குழு 2015இல் பிளாட்டினம், டைட்டானியம், பித்தளை மேல் செய்து காட்டியது, விழுந்த துளி துள்ளி எழுந்து ஓடும் அந்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது ஃபெம்டோசெகண்ட் லேசர், அதாவது மிக மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி விடும் வகை, நம்ம ஊர்ப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பம்ப் பெயர்ப்பலகையில் சீரியல் நம்பர் போடும் சாதாரண 20 வாட் ஃபைபர் லேசரே போதும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

நாங்கள் போனது கோவையில் உள்ள ஒரு சின்ன மார்க்கிங் கடை. 1064 நானோமீட்டர் அலைநீளம், நானோசெகண்ட் துடிப்புகள், கண்ணாடியை ஆட்டிக் கதிரை ஓட்டும் தலை, இவ்வளவுதான். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் வரைந்து கொடுத்தோம், அதையே திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். கடைக்காரர் பொறுமைசாலி. துண்டுத் தகட்டில் சின்னச் சின்னச் சதுரமாக இடைவெளியையும் வேகத்தையும் மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டினார். எங்கள் அலுமினியத்துக்கு 100 மைக்ரான் (0.1 மி.மீ.) இடைவெளி நன்றாக வந்தது. 50க்கு வந்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுவில் மேடே மிஞ்சவில்லை, 200க்குப் போனால் நடுவில் வெறும் தகடு வெளியே தெரிகிறது. "சார், கருகின மாதிரி ஆகுதுங்க, பரவால்லைங்களா?" என்று கேட்டார். பரவாயில்லை, அந்தச் சொரசொரப்புதான் வேண்டும்.

இந்த வேலையைக் கொடுக்கிற எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மெஷினிலிருந்து எடுத்த கையோடு தண்ணீர் விட்டால் தகடு அப்படியே குடித்துவிடும், துளி நிற்கவே நிற்காது. வேலை கெட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம். லேசர் பட்ட புது ஆக்சைடு தண்ணீரை இழுக்கும். காற்றில் இருக்கும் கரிமப் பொருள்கள் நாளாக நாளாக அதன்மேல் படியும்போதுதான் குணம் தலைகீழாக மாறும். அப்புறம் பள்ளங்களுக்குள் காற்று அடைபட்டு, துளி மேட்டு நுனிகளில் மட்டும் உட்காரும். தாமரை இலையில் நடப்பதும் இதுதான், அங்கே மெழுகு செய்யும் வேலையை இங்கே அந்தப் படிவு செய்கிறது. சும்மா அலமாரியில் வைத்தால் வாரக்கணக்கில் ஆகலாம். நாங்கள் 100 டிகிரி சூட்டடுப்பில் (oven) பல மணி நேரம் வைத்து எடுத்தோம், சீக்கிரமே மாறியது. தொடுகோணம், அதாவது துளியின் ஓரம் தகட்டோடு சேரும் கோணம், 150 டிகிரிக்கு மேல் போனால்தான் இந்தத் துறையில் அதை அதிநீர்விலக்கி என்பார்கள். அளக்கிற கருவி எங்களிடம் இல்லை, ஆனால் தகட்டைக் கொஞ்சம் சாய்த்தாலே துளி உருண்டு ஓடிவிடுகிறது, ஈரத் தடமே இல்லை.

பக்கெட்டில் பலன் பிரமாதம். கவிழ்ந்ததும் காலி. தட்டையாக இருக்கும்போதே டெக்ஸ்சர் போட்டு, பிறகு மடித்துக்கொண்டோம், மடிப்புக் கோட்டில் மட்டும் கொஞ்சம் நசுங்கியது. புனலில் எனக்குத் திருப்தி இல்லை. லென்ஸ் வழியாகக் கதிர் எட்டும் பரப்பு 175 மி.மீ. சதுரம்தான், அதனால் தகட்டை நகர்த்தி நகர்த்தி ஓட்ட வேண்டும், ஒட்டு விழும் இடங்களில் தண்ணீர் தயங்குகிறது. பக்கெட் தகடு சில நிமிடத்தில் முடியும், புனல் தகடு ஒரு மணி நேரத்தைத் தாண்டும், கட்டணமோ மெஷின் ஓடும் நேரத்துக்கு. இன்னொன்று, இவ்வளவு நன்றாக விலக்கும் புனலில் பெருந்துளிகள் எகிறிக் குதிக்கின்றன. மேல் விளிம்பு உயரமாக இல்லையென்றால் மழை வெளியே போய்விடும், அதற்குப் பழைய புனலே மேல்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது லாட்டை முடித்ததும், வழக்கமாகப் பெயர்ப்பலகையைத் துடைப்பதுபோல எண்ணெய்த் துணியால் ஒரு பையன் துடைத்துவிட்டான். எண்ணெய் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி மறுபடி சூட்டடுப்பில் வைத்தோம், ஓரளவுக்குத்தான் மீண்டது. துடைக்காதே, விரல் வைக்காதே என்று வேலைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். இதைவிட எனக்கு வருத்தமான விஷயம், அந்தப் பையன் கண்ணாடி போடாமல் மெஷின் பக்கத்தில் நிற்கிறான். 1064 கண்ணுக்குத் தெரியாத ஒளி, தகட்டில் பட்டுத் திரும்பினாலே விழித்திரையைச் சுட்டுவிடும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடியும் புகை உறிஞ்சியும் வாங்கி வையுங்கள் என்று கடைக்காரரிடம் நேராகவே சொல்லிவிட்டு வந்தேன்.

பாத்திரம், போன் கவர், கைப்பிடி என்று கை படும் எதற்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தேய்த்தால் நுனிகள் மழுங்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். பனி படியும் இடத்திலும் யோசியுங்கள், ஆவி பள்ளத்துக்குள்ளேயே குளிர்ந்து துளியானால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் மேலிருந்து விழுந்து ஓட வேண்டும், யாரும் தொடக் கூடாது என்கிற சின்னத் தட்டைப் பாகமா, தாராளமாகக் கொடுக்கலாம். நாங்கள் அடுத்த லாட்டில் பக்கெட்டுக்கு மட்டும்தான் கொடுக்கப் போகிறோம்.