இறால் ஒவ்வாமையோடு துறவி நண்டு வளர்த்தல்: நான்கு வருட அனுபவம்

எனக்குச் சிறு வயதிலிருந்தே இறாலும் நண்டும் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு வாய் உண்டாலே உதடு தடித்து, உடலெங்கும் தழும்பு தழும்பாக எழும்பிவிடும். அப்படியிருக்க, 2021ஆம் ஆண்டு படிப்புக்காகப் பேராதனைக்குப் புறப்பட்ட என் பெறாமகன், "சித்தி, இதுகளை நீங்கள்தான் பார்க்கவேணும்" என்று சொல்லி, வெறும் சங்குகளுக்குள் புகுந்து வாழும் மூன்று துறவி நண்டுகளைக் கண்ணாடித் தொட்டியோடு திருகோணமலை உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போனான். நண்டை உண்ணாதவரைக்கும் எனக்கு ஆபத்தில்லை என்றே அப்போது நம்பினேன். அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பது மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

அவன் விட்டுச்சென்ற பொருட்களுள் கடையில் வாங்கிய உலர் உணவுப் பொட்டலம் ஒன்றும் இருந்தது. அதன் துண்டுகள் பெரிதாக இருந்தமையால், ஒரு மாலை அவற்றைச் சமையலறையில் வைத்துக் கரண்டியால் நொறுக்கினேன். சில நிமிடங்களில் தும்மல் தொடங்கி, கண்ணிமைகள் வீங்கி, நெஞ்சு இறுகி மூச்சு இழுக்கத் தொடங்கியது. அன்றிரவு வைத்தியசாலையில் ஆவி பிடித்துத்தான் வீடு திரும்பினேன். மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தின் பின்புறத்திலிருந்த சிறிய எழுத்துக்களை வாசித்தபோது, உள்ளடக்கத்தில் இறால் மா சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டேன்.

பின்னர் என்னைப் பார்த்த மருத்துவர் விளக்கிய ஒரு செய்தியே இந்த நான்கு வருடமும் எனக்கு வழிகாட்டியது. ஓடுடைய கடலுயிர்களால் வரும் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது அவற்றின் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம். அது வெப்பத்தைத் தாங்கும் தன்மையுடையது. ஆகவே அவித்தாலும் காயவைத்தாலும் அதன் வீரியம் போய்விடுவதில்லை. இறால் அவியும் ஆவியும் கூனி எனப்படும் காய்ந்த பொடி இறாலை இடிக்கும் தூசியும் மூக்கின் வழியே போய்ச் சிலருக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவருவதற்கு இதுவே காரணம். இதே வகைப் புரதம் கரப்பான் பூச்சியிலும், வீட்டுத் தூசியில் வாழும் நுண்பேன்களிலும், வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளிலும் உண்டு. எனவே, இறாலுக்குப் பதிலாக உலர்ந்த பூச்சிகளைக் கொடுக்கலாம் என்று பலர் சொல்லும் யோசனை என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. மீனில் ஒவ்வாமை தரும் முதன்மைப் புரதம் வேறொன்று. நான் மீனைத் தொந்தரவின்றி உண்பவள் என்பதால், நண்டுகளுக்கும் மீனைக் கொடுக்க மருத்துவர் இணங்கினார். மீனும் ஒவ்வாதவர்கள் என் முறையை அப்படியே பின்பற்றக் கூடாது.

தரையில் வாழும் துறவி நண்டு கிடைத்ததை உண்ணும் உயிரினம். கரையில் ஒதுங்கும் மீன், உதிர்ந்த பழம், மக்கிய இலை எல்லாமே அதற்கு உணவுதான். இறால் இல்லாவிட்டால் அது மெலிந்துவிடும் என்ற பயத்தைக் கைவிட எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இப்போது குழம்புக்கு உப்பும் தூளும் போடுவதற்கு முன்பே சூடை மீனில் ஒரு சிறு துண்டை எடுத்து, வெறும் நீரில் அவித்து ஆறவைத்துக் கொடுக்கிறேன். சில நாட்களில் அவித்த முட்டை, சில நாட்களில் உப்பிடாத கோழியிறைச்சி. நெத்தலிக் கருவாட்டை முதலில் விரும்பி வாங்கினேன்; ஆனால் சந்தையில் நெத்தலிச் சாக்குக்கு அருகிலேயே கூனிச் சாக்கு இருப்பதையும், இரண்டையும் ஒரே கையால் அள்ளுவதையும் கண்ட பிறகு நிறுத்திவிட்டேன். உப்பை எவ்வளவு ஊறவைத்தும் எடுக்கலாம். ஒட்டியிருக்கும் கூனித் தூளை எடுக்க முடியாது.

மரக்கறி, பழ வகைகளில் அவை அதிகம் விரும்பியது தேங்காய்ப்பூவும் பப்பாசியும். பனம்பழக் காலத்தில் பழத்தின் நாரை அப்படியே வைத்தால், விடிவதற்குள் மஞ்சள் களி முழுவதையும் சுரண்டித் தின்றுவிடுகின்றன. பனம்பழம், கரட், பூசணி ஆகியவற்றிலுள்ள கரோட்டின் வகை நிறமிகள் அவற்றின் ஓட்டு நிறத்துக்கும் உதவுவன. முருங்கையிலை வாரத்துக்கு இரண்டு முறை உண்டு. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டின் என்ற உறுதியான பொருளுக்கு ஈடாகக் காளானைக் கொடுக்கிறேன்; காளானின் செல்சுவரிலும் கைட்டின் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்துக்காகப் பெறாமகன் கணவாய் ஓடு போட்டிருந்தான். கணவாயும் என்னைப் போன்றவர்களுக்கு ஐயத்துக்குரியது என்பதால், அவித்துக் கழுவிய முட்டைக் கோதை ஈரத்தோடு நொறுக்கி வைக்கிறேன். ஈரத்தோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன்: எனக்குத் துன்பம் தந்தவை பெரும்பாலும் உலர்ந்த தூள்களே. மணலோடு கலக்கும் தென்னை நார்த்தூளையும் நனைத்த பிறகே தொடுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாது. நண்டுகளைப் பார்ப்பதற்காகவே அந்தப் பிள்ளை மாலையில் வந்து தொட்டியருகே நிற்கும். துறவி நண்டு வளர்ப்போர் பலர் கச்சான் வெண்ணெயை விருப்ப உணவாகப் பரிந்துரைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. கையைச் சுத்தமாக்கத் தடவும் திரவம் கிருமியைக் கொல்லுமே தவிர, இந்தப் புரதங்களை அகற்றாது. சவர்க்காரமும் ஓடும் நீருமே வேண்டும்.

உணவைப் பொழுது பட்ட பின் வைத்து, விடிந்ததும் எடுத்துவிடுகிறேன். இங்குள்ள வெப்பத்தில் ஒரு பகல் கிடந்தாலே மீன் நாறும். எறும்பும் கரப்பானும் வரும். ஈரத் தொட்டியில் நுண்பேன்களும் பெருகும். அவை எனக்குத்தான் முதலில் தீங்கு. நண்டுகளின் பாத்திரம், கத்தி, பஞ்சு யாவும் தனியானவை. அவற்றைச் சமையலறையில் கழுவாமல் கிணற்றடியில் கழுவுகிறேன். தொட்டிக்குள் நண்டுகளுக்காக ஒரு சட்டியில் குளோரின் கலக்காத கிணற்று நீர், மற்றதில் துணியால் வடித்த கடல் நீர். கறியுப்பைக் கரைத்து வைப்பது சரியல்ல.

உணவை எவ்வளவு மாற்றினாலும் நண்டு நண்டுதான். அதன் உடலிலும் கழிவிலும் அது கழற்றும் தோலிலும் எனக்கு ஆகாத புரதம் இருக்கவே செய்யும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் நான் தொட்டிக்குள் கைவைப்பதில்லை. மணலை மாற்றும் வேலையை என் கணவர் முற்றத்தில் வைத்துச் செய்கிறார். தோல் கழற்றுவதற்காக நண்டு மணலுக்குள் புதையும்போது தோண்டிப் பார்க்கக் கூடாது. அது தன் பழைய தோலைத் தானே தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும் என்பதால், எனக்கும் அதைத் தொடவேண்டிய தேவை குறைகிறது.

மூன்றில் ஒன்று இரண்டாம் வருடம் இறந்தது. கச்சான் எனப்படும் வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் தொட்டியின் ஈரப்பதன் விழுந்ததை நான் கவனிக்கத் தவறியதே காரணம் என்று நினைக்கிறேன். ஈரம் இல்லாவிட்டால் அவற்றின் செவுள்கள் மூச்சுவாங்க உதவா. அதன் பிறகு கண்ணாடி மூடி போட்டு, ஈரப்பதனை 80 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் அந்த முதல் வாரங்களுக்குப் பிறகு இறாலைச் சுவைக்காமலே நான்கு வருடத்தைக் கடந்துவிட்டன. பெரியது சென்ற மாதம் மணலிலிருந்து வெளியே வந்து, மூன்று நாட்கள் எதையும் தொடாமல் இருந்து, நான்காம் இரவு முட்டைக் கோதைத்தான் முதலில் தின்றது.