உள்ளங்காலில் கரும்புள்ளி: பயாப்ஸியா, ஜீன் டெஸ்ட்டா?

மேலூர்ப் பக்கம் வரப்பில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர் என் பெரியம்மா. குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி. முள் குத்திய தழும்பு என்று விட்டுவிட்டார். கிட்டப் போய்ப் பார்த்தால், ஓரமெல்லாம் மை கசிந்த மாதிரி பரவியிருந்தது. சதை எடுத்துப் பார்க்கலாம், அதாவது பயாப்ஸி, என்கிறார் அண்ணன். ரத்தம் கொடுத்து ஜீன் டெஸ்ட் எடுத்தால் போதாதா என்கிறார் மதினி.

என்ன தெரியும்?
பயாப்ஸி: புற்றா இல்லையா, எவ்வளவு ஆழம் என்று தெரியும். மெலனோமா, அதாவது நிறமி செல்லில் வரும் தோல் புற்று, 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்குள், புண்ணாகாமல் இருந்தால் பெரும்பாலும் வெட்டியெடுப்பதோடு முடியும்.
ஜீன் டெஸ்ட்: ரத்தத்தில் பெரும்பாலும் பார்ப்பது பரம்பரையாக வந்த மாற்றத்தைத்தான். புற்றுக்கட்டியில் உண்டாகும் மாற்றம் வேறு. மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் ஜீன் மாறியிருப்பது 2002-லேயே தெரிந்தது. ஆனால் அதே மாற்றம் சாதாரண மச்சத்திலும் இருக்கும்! அதை மட்டும் வைத்துப் புற்று என்று சொல்ல முடியாது. உள்ளங்காலில் வரும் வகையிலோ பிராஃப் மாற்றம் குறைவு. சிலருக்கு கிட் என்ற இன்னொரு ஜீன் மாறியிருக்கும்.

செலவு?
பயாப்ஸி குறைவு, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவிலேயே காட்டலாம். ஜீன் டெஸ்ட் பல மடங்கு.

சிரமம்?
பயாப்ஸிக்கு மரப்பு ஊசி, தையல், சில நாள் குதிகாலை ஊன்ற முடியாது. ரத்த ஜீன் டெஸ்ட்டுக்கு ஒரே ஊசிக்குத்து.

புள்ளி கண்ணுக்குத் தெரிகிறதா, பயாப்ஸிதான். புற்று நெறிக்கட்டிக்குப் பரவியிருந்தால், மருந்தைத் தேர்ந்தெடுக்கப் புற்றுக்கட்டியின் ஜீனைப் பார்ப்பார்கள். குடும்பத்தில் பலருக்கு மெலனோமா வந்திருந்தால் ரத்தத்தில் சிடிகேஎன்2ஏ என்ற ஜீனில் பரம்பரை மாற்றம் உண்டா என்று பார்க்கலாம். பெரியம்மாவைத் திங்கட்கிழமை கூட்டிப்போகிறோம்.