நாலு வார லீவில் எச்.பி.வி.: ஊரில் எது முடியும், எது முடியாது

கல்யாணம், காதுகுத்து என்று கும்பகோணம், மன்னார்குடி பக்கம் லீவில் வருகிறவர்கள் எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் கர்ப்பப்பை வாய் கேன்சருக்கான பரிசோதனை, தடுப்பூசி வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இறங்கிய வாரமே பார்த்தால்தான், ஏதாவது தென்பட்டால் மேற்கொண்டு கவனிக்க நாள் இருக்கும்.

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். மாதவிலக்கு நாளில் போக வேண்டாம். 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பது) பஞ்சால் கர்ப்பப்பை வாயில் ஒற்றி ஒரு முழு நிமிடம் காத்திருப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கூட்ட நாளில் அந்த ஒரு நிமிடம் அரை நிமிடமானால் திட்டு கண்ணில் படாமல் போகலாம். திட்டு என்றதும் கேன்சர் என்று அலற வேண்டியதில்லை, புண்ணிலும் அழற்சியிலும்கூட வெளுக்கும். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தால், ஆட்டோக்காரரிடம் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். 'மெடிக்கல் காலேஜ்' என்றால் வேறு பக்கம் கொண்டுபோய் விடுவார்.

மாதவிலக்கு நின்ற அம்மாவுக்கு இந்த முறை சரிவராது; பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஏறியிருக்கும். அவருக்கு, வைரஸ் இருக்கிறதா என்று சாம்பிள் எடுத்து லேபில் பார்க்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட்தான் நல்லது. சாம்பிள் எந்த ஊர் லேபுக்குப் போகிறது, ரிசல்ட் என்றைக்கு வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி என்றால் கணக்கு வேறு. 9 முதல் 14 வயதுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 15 வயது முதல் 0, 2, 6 மாதங்களில் மூன்று. ஆகவே ஒரு லீவில் முடியாது. 'ஃபிளைட்டுக்கு முன்னாடி ரெண்டையும் போட்டுடுங்க' என்று டாக்டரை நச்சரிப்பவர்கள் உண்டு. இரண்டாவதை ஐந்து மாதத்துக்குள் போட்டால் மூன்றாவதும் தேவைப்படும். தள்ளிப்போனால் கவலையில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 2023-ல் வந்த சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் தடுப்பூசி, எச்.பி.வி.யின் 6, 11, 16, 18 வகைகளைத் தடுக்கும். கார்டசில் 9 என்ற இன்னொரு தடுப்பூசி ஒன்பது வகைகளை. கர்ப்பப்பை வாய் கேன்சரில் சுமார் 70 சதவீதம் 16, 18-ஆல் வருவது. 6, 11 பிறப்புறுப்பு மருக்களுக்குக் காரணம். பையன்களுக்கும் போடலாம்.

மருந்துக்கடையில் வாங்கி டாக்டரிடம் எடுத்துப் போவதாக இருந்தால், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து ஐஸ்கட்டியோடு ஒட்டி வைப்பார்கள். உறைந்துவிட்டால் உள்ளே இருக்கும் அலுமினியச் சேர்மானம் கட்டிதட்டி மருந்து வீணாகிவிடும். நடுவில் ஒரு துணி மடித்து வையுங்கள். போட்ட பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்காரவைத்து, மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி மூன்றையும் கார்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த ஊசி போடும் ஊரில் மருந்துக்கடை பில்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.